வாசலோர நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

நானும், உங்கள் வீட்டில் சமைக்கிற என் அம்மாவும் இங்கே நலம். உங்கள் அப்பாவும் நலம் என்றுதான் சொல்கிறார். போனில் உங்களிடம் சொல்கிற அதே "நல்லா இருக்கேன்"தான் எங்களுக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து உதிராது என்பதால்தானே என்னை எழுதச் சொன்னீர்கள். போனை எடுத்தால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேனா என்றால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை நன்றாகவே போகிறது. சங்கம் இருப்பது கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில். படியேறி வருகிற எல்லோருமே வெளிநாட்டுப் போர்முனையில் வேலை பார்த்த ராணுவ டாக்டர்கள். ஏறி முடித்ததும் ஆளுக்கு ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். மூச்சு வாங்காதது போலவும் காட்டிக்கொள்கிறார்கள். மாதம் ஒரு சொற்பொழிவு, பள்ளிக்கூடங்களில் இலவசக் கண் பரிசோதனை, இறந்துபோனவர் வீட்டுக்கு மலர்வளையம், செய்தி மடல். இவ்வளவும் என் மேசை வழியாகத்தான் போகின்றன. கண்ணாடி அலமாரியில் பழைய அறுவைக் கருவிகளை வைத்திருக்கிறார்களே, எலும்பு அறுக்கிற ரம்பம்கூட, அவற்றைத் துடைப்பதும் நான்தான். அம்மா எங்கள் தெருவில் "எம் பொண்ணு டாக்டருங்க ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் படித்த முதல் ஆள் நான். என்ன படித்தேன் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை.

ஆண்டு விருந்து போன வாரம் நடந்தது. அப்பா அதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு இது முதல் விருந்து, அதனால் எல்லாமே புதிதாக இருந்தது. அங்கே ஒரு விளையாட்டு உண்டு. உங்களுக்குத் தெரியுமா?

போர்முனையில் காயம்பட்டவர்கள் வந்து இறங்கும்போது வாசலிலேயே ஒரு டாக்டர் நின்று மணிக்கட்டில் அட்டை கட்டுவாராம். சிவப்பு என்றால் உடனே கத்தி வைக்க வேண்டும். மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். பச்சை என்றால் நடந்தே உள்ளே வரலாம். கறுப்பு என்றால் பிழைக்க மாட்டான், கை வைக்காதே, நேரத்தை வீணாக்காதே. அந்த அட்டை கட்டுகிற வேலையை அங்கே செய்தவர் அப்பா. அதனால்தான் மற்றவர்கள் அவரைக் 'கேட்டு' என்று, வாசல் கேட்டைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் ஏதோ ஊர்ப் பெயரின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருந்தில் சங்கத் தலைவர் ஒவ்வொரு மேசையாகப் போய் எல்லோர் கையிலும் ஓர் அட்டை கட்டுவார். சிவப்புக்காரர் பாட வேண்டும். மஞ்சள்காரர் பரிமாற வேண்டும். பச்சைக்காரர் உட்கார்ந்து சாப்பிடலாம். கறுப்புக்காரர் வாசலோர நாற்காலியில் போய் உட்கார வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவருக்குத் தட்டு. அதுவரை யாரும் அவரோடு பேசக் கூடாது. அட்டையைப் பற்றி அவரும் கேட்கக் கூடாது, மற்றவர்களும் சொல்லக் கூடாது. அது விதி. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கறுப்பு அப்பாவுக்குத்தான் என்று செயலாளர் எனக்குச் சொன்னார். செயலாளர் மயக்க மருந்து டாக்டராக இருந்தவர். அவர் மேடையில் பேசினாலும் அதே வேலை நடக்கிறது.

ஏன் எப்போதும் அப்பாவுக்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். தலைவரின் அறைத் தோழர் ஒருவர், அவரும் டாக்டர்தான், குண்டடிபட்டு வாசலுக்கு வந்தபோது அப்பா கறுப்பு கட்டினாராம். தலைவர் உள்ளே வேறொருவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "கேட்டு கட்டினது சரிதாம்மா. யார் நின்னிருந்தாலும் கறுப்புதான். அதான் சண்டை போடக்கூட முடியல, விளையாடுறோம்" என்றார் செயலாளர். சொல்லிவிட்டுச் சூப் ஆறுகிறதே என்று போய்விட்டார்.

இந்த வருஷம் வேறு மாதிரி நடக்கப் போகிறது என்று எனக்கு முன்பே தெரியும் அக்கா. அட்டைகளில் பெயர் எழுதுவது நான். விருந்துக்கு முதல் நாள் தலைவர் என் மேசைக்கு வந்து, "கேட்டுக்கு இந்தத் தடவை பச்சை. போதும் பழைய கதை. அதை நானே எழுதுறேன்" என்று ஒரு பச்சை அட்டையை எடுத்து ஏதோ எழுதினார். டாக்டர் கையெழுத்து. என்னால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்களுக்கு எழுதச் செய்தி கிடைத்ததே என்று.

தட்டைப் பிடித்துக்கொண்டு தலைவருக்குப் பின்னால் போனேன். அப்பா முறை வந்தது. அவர் வழக்கம்போல எழுந்து, கையை நீட்டி, "கட்டுடா கட்டு, நாற்காலி ஆறிப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் பச்சையைக் கையில் எடுத்துவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்தவர், கட்டாமல் விரல்களை விளக்குப் பக்கமாகத் திருப்பினார். ஒரு நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், நாலு பேர் கைகூடத் தட்டினார்கள். அவர் விரல்கள் அப்பாவின் கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக் குழியில் போய் நின்றன. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு பச்சையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்துக் கட்டினார்.

அப்பா இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். நடந்துபோய் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் மாற்றினார் என்று எனக்குப் புரியவில்லை. கடைசி நேரத்தில் மனசு வரவில்லை போலிருக்கிறது. பெரியவர்களின் கோபம் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கிறது! பச்சை அட்டையை நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒருநாள் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அப்பா அம்மாவின் சமையலைச் சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கு இதில் பெரிய மனத்தாங்கல். "உப்பு கூடிப்போச்சுன்னா வாயைத் திறந்து சொல்லலாமில்ல" என்று பாத்திரத்திடம் சண்டை போடுகிறாள். இருமல் இன்னும் இருக்கிறது. கேட்டால், "பழைய சிகரெட்டு ஞாபகப்படுத்துது" என்கிறார்.

குழந்தைக்கு என் முத்தம். அவளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

உங்கள் அன்புத் தங்கை,
சுண்டெலி


அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதமும் குழந்தையின் படமும் வந்தன. அப்பா படத்தை மூக்குக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார். "மூக்கு என்னோடது, பாவம்" என்றார். இப்போது அது அவர் மேசை விளக்கில் சாய்ந்து நிற்கிறது.

இந்தக் கடிதத்தை நான் பலமுறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நல்ல செய்தியிலிருந்து தொடங்குகிறேன். சங்கத்தில் அப்பாவுக்குத் திடீரென்று மரியாதை கூடியிருக்கிறது. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். படியேறும்போது ஒருவர் கை கொடுக்கிறார். அடுத்த மாதச் சொற்பொழிவு அவருடையது. இத்தனை வருஷத்தில் அவரை ஒருமுறைகூடப் பேச அழைத்ததில்லையாம். தலைவர் தன் காரில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார். அப்பா புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அளவெடுத்த தையல்காரர், "சார் இளைச்சு வாலிபனாயிட்டீங்க" என்றதில் ஒரே பெருமை. என்னிடம் தனியாக, "பாத்தியா சுண்டெலி, கேட்டுல நின்னவனை உள்ள விட்டுட்டாங்க" என்றார். தன்னைப் பற்றி அவர் இப்படி ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது மற்றது.

போன செவ்வாய்க்கிழமை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, அப்பாவின் பணி விவரங்களை எடுத்துச் செய்தி மடலுக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார். சொற்பொழிவுக்கான அறிமுகம் என்று நினைத்துச் சந்தோஷமாக எழுதிக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "நல்லாருக்கு. எல்லாத்தையும் இறந்த காலத்துல மாத்திடு" என்றார். எனக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "அவசரமில்ல, ரெடியா இருந்தா நல்லது. கடைசி நேரத்துல தேதி தேடிட்டு ஓட முடியாது பாரு" என்றார்.

அப்போதுதான் அக்கா, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது, நகத்தை அழுத்தியது, எலும்புக் குழியில் விரல் நின்றது எல்லாம் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்தன. "சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது. "அவன் டாக்டர்மா. நுரையீரல்ல கேன்சர் இருந்தா நகம் சொல்லும், காறை எலும்புக் குழியில கட்டி தட்டுப்படும், நாங்க முதல் வருஷத்துல படிச்சது. அன்னைக்கு மேசையில இருந்த அத்தனை பேரும் பாத்துட்டோம். அவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் எவ்வளவு கம்பீரமா நடமாடுறான் பாரு!" என்றார். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டர் போய் உனக்கு இந்த நோய் என்று சொல்வது அவமரியாதையாம். அதனால் சொல்லாமல் கறுப்பைக் கட்டிவிட்டார்கள். விதிப்படி கட்டியதைப் பற்றிப் பேசவும் கூடாது. அவர் எங்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவோ, வருஷா வருஷம் கட்டுகிறதைத்தான் இந்த வருஷமும் கட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை டாக்டர்கள் ஓர் ஆளை இவ்வளவு அன்பாகச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் முயற்சி செய்து பார்த்தேன். அம்மாவுக்குத் துணையாகப் போவதுபோல உங்கள் வீட்டுக்குப் போனேன். அவர் சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தலைப்பு, 'வாசலில் எடுக்கிற முடிவு'. தண்ணீர் வைத்துவிட்டு, "சார், இருமலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?" என்றேன். அதைச் சொல்ல பஸ்ஸிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் சிரித்து, "ஏம்மா, அலமாரி துடைச்சுத் துடைச்சு நீயும் டாக்டராயிட்டியா? நாக்கை நீட்டவா?" என்றார். அம்மா சமையலறையிலிருந்து வந்து, "பெரியவங்ககிட்ட என்ன பேச்சு பேசுற" என்று என் முழங்கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் விரல்களைப் பார்த்தேன். நுனி உருண்டு, நகம் கவிழ்ந்து, மேளக் குச்சியின் தலை மாதிரி இருந்தது. அந்த விரல்களுக்கு நடுவில்தான் பேனா இருந்தது.

அக்கா, நீங்கள் பேசுங்கள். மகள் சொன்னால் கேட்பார். முடிந்தால் வாருங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் தலைவரிடம் சொல்ல வேண்டாம். வேலையை நினைத்துப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் அதுவும்தான்.

உங்கள்,
சுண்டெலி


அன்பு அக்காவுக்கு,

நீங்கள் தலைவருக்குப் போன் செய்ததும், அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டதும் உங்கள் கடிதத்திலிருந்து தெரிந்தது. அதற்குப் பிறகு இங்கே நடந்ததை எழுதுகிறேன். போனில் உங்களுக்குச் சொன்னவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மழுப்பித்தான் சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் பேசிய அன்றே தலைவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவனுக்குத் தெரியாதா?" தெரியாது என்று தலையாட்டினேன். சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தேடினார். பிறகு, "வா, வண்டில ஏறு" என்றார். தனியாக அந்த வீட்டுப் படியேற அவருக்குப் பயம் என்று வண்டியில் போகும்போதுதான் புரிந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றதில் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

அப்பா புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "வாடா, என்ன கூட்டமா வர்றீங்க, பேச்சை ரத்து பண்ணிட்டீங்களா?" என்றார். தலைவர் உட்காரவே இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டார். அறுவை டாக்டர்கள் சொல்கிற விதம் எனக்குப் புதிது. எங்கே, எவ்வளவு, எத்தனை மாதமாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆறுதலுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா நிறுத்தவில்லை.

அப்பா தன் கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பது போல முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு இரண்டு கைகளின் நகங்களையும் எதிரெதிரே ஒட்டவைத்துப் பார்த்தார். நடுவே வெளிச்சம் தெரிய வேண்டுமாம், தெரியவில்லை. அது ஒரு சோதனை என்று பிறகு தெரிந்துகொண்டேன். "ஏண்டா சொல்லல?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"கட்டினேனே" என்றார் தலைவர்.

"எல்லா வருஷமும்தானே கட்டுற."

தலைவர், "நீ டாக்டர் இல்லையா? உனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். அழுகிறவர்கள் கத்துவது போல. அப்பா சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "நான் வாசல்ல நின்னவன்தானே. வர்றவன் கையைத்தான் பாத்தேன். என் கையை எப்படா பாத்தேன்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் எக்ஸ்ரே ஜெயிச்சிருச்சு சுண்டெலி" என்றார். அந்த ஜெயிப்பு எனக்கு வேண்டவே வேண்டாம் அக்கா.

எக்ஸ்ரேயும் மற்றச் சோதனைகளும் எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. விருந்து நடந்த வாரமே பார்த்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் மட்டும், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று கோப்பைப் பார்த்தபடி சொன்னார். அப்பா, "வந்தேன் சார், கைகூட நீட்டினேன்" என்றார். அவருக்கு விளங்கவில்லை.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில். சங்கத்துக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர்கள் வந்தவுடன் செய்கிற முதல் வேலை, அவருடைய எக்ஸ்ரேயை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது. அவர் தலைக்கு மேலேயே ஆளுக்கு ஒரு விரல் நீட்டி, "இங்க பாரு", "இல்லடா, அது நிழல்" என்று வாதாடுகிறார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு களை வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் நிஜ நோயாளி போலிருக்கிறது. அப்பா கீழேயிருந்து, "டேய், கொஞ்சம் இறக்கிப் பிடிங்கடா, எனக்கும் தெரியணும்" என்கிறார். அவரும் வாதாடுகிறார். மற்றவர்கள் எல்லோரும் சொன்னதைவிடக் குறைவான மாதங்களை அவர் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

மருந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். வலி தெரியாமலிருக்க மட்டும் தந்தால் போதுமாம். தலைவர் கெஞ்சிப் பார்த்தார். "கறுப்புக்காரன் மேல மருந்தை வீணாக்கக் கூடாதுடா. அந்தச் சட்டத்தை அங்க போட்டவனே நான்தான். எனக்கு ஒண்ணு, உன் தோழனுக்கு ஒண்ணா?" என்றார். தலைவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் அறைக்குள் வருவதில்லை. தினமும் வருகிறார், கதவுக்கு வெளியே கிடக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். அப்பாவுக்கும் தெரியும். "இருக்கானா?" என்று கேட்பார். "இருக்கார் சார்" என்பேன். "இருக்கட்டும்" என்பார். உள்ளே கூப்பிடச் சொல்வதில்லை.

நான் எழுதிவைத்த குறிப்பு விஷயம் யார் மூலமாகவோ அவர் காதுக்குப் போய், கொண்டுவரச் சொன்னார். மறைத்துப் பார்த்தேன், விடவில்லை. படுத்தபடியே படித்தார். 'அனைவராலும் நேசிக்கப்பட்டவர்' என்ற இடத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்து, "இதை எடுத்துடு" என்றார். கொஞ்சம் கழித்து, "வேணாம், இருக்கட்டும். மடல் படிக்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். உங்கள் பெயருக்கு நேரே 'வெளிநாட்டில் வசிக்கும் மகள்' என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் அவர் தொடவில்லை.

நேற்று என்னை உட்காரவைத்து உங்களுக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடியே கீழே எழுதுகிறேன்.

"நான் நல்லா இருக்கேன். கவனிச்சுக்க ஆள் நிறைய இருக்காங்க, எல்லாரும் டாக்டருங்க. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம்னு தெரியும். குழந்தையைத் தூக்கிக்கிட்டு அலையாதே. பெரிய லீவு விட்டதும் நிதானமா வா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். முடித்துவிட்டு, "எழுதிட்டியா? அந்தக் கடைசி வரிக்கு அடியில கோடு போடு" என்றார். போட்டிருக்கிறேன். என் கோடு கொஞ்சம் கோணல்.

பேனாவை மூடும்போது அவர் இன்னொன்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். "அன்னைக்கு அவன் தட்டுலேர்ந்து ஒண்ணை எடுத்துட்டுத் திருப்பி வச்சான். நீதானே பிடிச்சிட்டு நின்னே. அது என்ன கலரு?"

தலைவர் என்னிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். பச்சையைப் பற்றி அவனிடம் சொல்லாதே, இப்போது சொன்னால் சாகிறவனுக்காக இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைப்பான், வாசலில் நிற்கிறவனுக்கு வாசலிலேயே பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும் என்று. கதவுக்கு வெளியே அவர் செருப்பு தெரிந்தது. எனக்கு யோசிக்க நேரமில்லை. "கறுப்புதான் சார். நூல் அறுந்திருந்தது, அதான் வேற கறுப்பு எடுத்தார்" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அதானே" என்றார். பிறகு, "அவன் மாறவே மாட்டான்" என்றார். நிம்மதியாகச் சொன்னாரா, ஆசை விட்டுப்போய்ச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு என்றால் அந்தக் குரல் தெரிந்திருக்கும்.

பிறகு வலி மருந்து வாங்கக் கீழே போனேன். பர்ஸில் சீட்டைத் தேடியபோது அந்தப் பச்சை அட்டை கையில் வந்தது. மருந்துக் கடைக்காரர் எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுகிறவர். அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல மருந்து பேரு எதுவும் இல்லையேம்மா. 'கேட்டு, நீயும் உள்ள வாடா'ன்னுதான் எழுதியிருக்கு. இதை யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். நான் மருந்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது அக்கா. நான் அதன் வழியாகத் தண்ணீர் கொண்டுபோனேன், தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். சொல்ல என் வாய் வரவில்லை. ஒருமுறை இல்லை என்று சொன்னதை மாற்றிச் சொல்ல என்னைப் போன்றவளால் முடியாது. சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். தலைவர் சொன்னால் இரக்கம் என்பார். நீங்கள் கொண்டுவந்து கையில் கொடுத்தால் நம்புவார்.

அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாம் என்று உறை வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு எடுத்துவிட்டேன். தபாலில் அனுப்ப மாட்டேன். அது என் மேசையின் மேல் இழுப்பறையில், முத்திரைப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் வந்து உங்கள் கையால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்ன வரிக்கு அடியில் கோடு போட்டுவிட்டேன். அதைப் படித்துவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். குழந்தையோடு நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்,
சுண்டெலி